பதினான்காவது வரி

கதிர்வீச்சுப் பிரிவின் கேள்வித்தாளை
ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலை.
வலி, குமட்டல், தூக்கம், மலச்சிக்கல்:
பதின்மூன்று வரிகள் மதியத்துக்குள் முடிந்தன.
பதினான்காவதில் நின்றுவிட்டேன்.
உணவு 'இன்சிபிட்' ஆக இருக்கிறதா?

சுவையற்று என்று எழுதி அடித்தேன்.
சுவை குன்றி என்று எழுதி அடித்தேன்.
தொண்டை வெந்த மனிதரிடம்
செய்யுள் மாதிரியா கேட்பது?

அகராதியைப் புரட்டினால்
அந்தச் சொல் லத்தீனிலிருந்து நடந்து வந்திருக்கிறது.
முன்னால் நிற்கும் 'இன்', இல்லை என்கிறது.
பின்னால் 'சப்', அதுதான் ருசி.
ருசிப்பதற்கும் அறிவதற்கும்
அவர்களுக்கு ஒரே வினைச்சொல்லாம்.
சேப்பியன்ஸ் என்று நமக்கு வைத்த பட்டமும்
அதே அடுப்பில் இறக்கியதுதான்.
அறிந்தவன் என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கினேன்.
நாக்கில் வைத்துப் பார்த்தவன் என்றும் எழுதியிருக்கலாம்.

இல்லை என்ற சொல்லை ஒட்டிக்கொண்டு திரிவது
எங்கள் ஊருக்குப் புதிதில்லை.
சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை,
தண்ணியில்லாத ஆறு
என்று விரல் விட்டு எண்ணுவார்கள் வேலூரை.
சாமி திரும்பி வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.
ஆறும் ஒரு கார்த்திகையில்
பாலத்தை இடித்துக்கொண்டு போனது.
எண்ணுகிறவர்கள்தான் விரலை மடக்கவில்லை.

அன்று நான்கு மணிக்கு
ஆம்பூரிலிருந்து ஷம்சீர் பாஷா வந்தார்,
பிரியாணி மாஸ்டர்.
கழுத்தில் ஊதா மையில் கட்டம்.
இருபத்தெட்டாவது நாள் கதிர்.
சாப்பாடு எப்படி இருக்கு என்றேன்.

"சப்புனு கீதும்மா.
கத்திரிக்காயும் சப்பு, தயிரும் சப்பு,
என் எச்சி கூட சப்புனுதான் கீது.
பதம் போட்ட தோலை
நாக்கு மேல ஒட்டிவிட்டா மாரி."

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
சப்.
லத்தீனில் அது ருசி.
ஆம்பூரில் ருசி போன இடம்.
ஆனால் உப்புச் சப்பில்லை என்னும்போது
இங்கேயும் அது ருசிதானே?
நல்ல குழம்புக்குச் சப்புக் கொட்டுவதும் இதே உதடுதான்.
இருந்தாலும் சப்பு, இல்லாவிட்டாலும் சப்பு.
சொந்தமென்று அகராதி சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.
காட்பாடியில் எதிரெதிர் ரயில் ஜன்னல்களில்
ஒரே ஜாடையில் இரண்டு முகம் பார்த்த மாதிரி,
அவ்வளவுதான். வண்டிகள் கிளம்பிவிட்டன.

பதினான்காவது வரியில் எழுதினேன்:
சாப்பாடு சப்பென்று இருக்கிறதா?
கொச்சை என்றார் மேலதிகாரி.
அர்த்தம் என்னவென்று
ஒரு நோயாளியும் இதுவரை கேட்கவில்லை.

மூன்றாம் மாத ரிவ்யூவுக்கு வந்தபோது
பாஷாவின் கையில் ஓர் எவர்சில்வர் டப்பா.

"இன்னும் சரியா தெரியல.
வாசத்தை மோந்து, உலை கொதிக்கிற சத்தம் கேட்டு
போட்டுக்கினு கீறேன்.
கடைப் பசங்க சூப்பர் மாஸ்டர்ங்கறானுங்க.
பயத்துல சொல்றானுங்க.
நீ சொல்லு."

நடைவழியில் நின்று ஒரு வாய் வைத்தேன்.
சீரக சம்பா உதிரி உதிரியாக. கறி பஞ்சு.
உள்ளே டோக்கன் எண் கூப்பிடுகிறார்கள்.
அவர் என் வாயையே பார்க்கிறார்,
ஸ்கேன் திரையைப் பார்க்கும் டாக்டர் மாதிரி.

"உப்புச் சப்பில்ல பாய்."

சிரித்தார்.
கழுத்தில் கருத்துப்போன தோல் சுருங்கி விரிந்தது.
என் பேனாவை வாங்கி
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்:
படிக்கு இன்னும் அரைப்பிடி.

டப்பாவை என்னிடமே விட்டுவிட்டு
எடை பார்க்கப் போனார்.
பேனாவையும் கொண்டுபோய்விட்டார்.